ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கேன்

மார்ச் 3, செவ்வாய்
பணிமனையில் ஓட்டுநர்களுக்குப் புதுச் சீருடை கொடுத்தார்கள். இடுப்பில் பிடிக்கிறது, கையில் தொளதொள. முகம் உப்பிக்கொண்டே போகிறது, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது. பஸ் படியேறவே கம்பியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருக்கிறது. அக்கா வழக்கம்போல, "வாயக் கட்டுடி." இன்னும் எவ்வளவு கட்ட?

மார்ச் 9
புது டாக்டரம்மா என் வயிற்றிலுள்ள ஊதாக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். குந்தி எழச் சொன்னார். முடியவில்லை.
"நீங்க அதிகமா சாப்பிடலம்மா. உடம்பு கார்டிசால்ங்கிற ஹார்மோனை அதிகமா சுரக்குதோன்னு பாக்கணும்."
ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் பிடிக்கவேண்டும். அழுதுவிட்டேன். நோய்க்காக இல்லை, நம்பினாரே, அதற்கு.

மார்ச் 12
டாக்டரம்மா சொன்னபடி, காலையில் முதலில் போனதைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, அதிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். லீவு கேட்கவில்லை. கேட்டால், 'முடியலன்னா ஆபீஸ் வேலைக்குப் போயிடும்மா' என்பார் மேலாளர்.
ஐஸ் பெட்டிக்குள் கேன், என் இருக்கைக்குப் பின்னால். மதியம் கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை வாசலில் நாலு டிரைவர்கள். ஒரு தடவை விட்டால்தான் என்ன? — விட்டால் அளவு குறைந்து காட்டும். மறுபடி வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேனோடு நடந்தேன்.
"என்னக்கா, டீசலா?" என்றான் ஒருவன்.
"ஆமா, சொந்தத் தயாரிப்பு. ஒரு லிட்டர் வேணுமா?"
வழிவிட்டார்கள். கண்டக்டர் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கொடுக்க மறந்தார்.

மார்ச் 13
விடிந்ததும் போனதையும் பிடித்துக் கணக்கை முடித்தேன். "எதுவும் விட்டுப்போகலையே?" என்றாள் லேப் பெண். "சொட்டுகூட இல்ல." வெற்றிக் கோப்பை வாங்கியவள் மாதிரி வெளியே வந்தேன்.

மார்ச் 24
கார்டிசால், இருக்கவேண்டியதைப் போல் நாலு மடங்கு. உறுதிப்படுத்த இன்னொரு தடவை வேண்டுமாம். பிடித்தால் போயிற்று.

ஏப்ரல் 16
இரண்டாம் தடவையும் அதேதான். பிறகு ரத்தம், ஸ்கேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கட்டி, அதுதான் இவ்வளவையும் சுரக்கவைக்கிறதாம். புற்றுநோய் இல்லையாம், மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமாம். பயமாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரு பெருந்தீனி இல்ல.

மே 6
எடுத்தாயிற்று. அக்கா பக்கத்தைவிட்டு நகரவில்லை. "உன்னையப் போய் என்னெல்லாம் சொன்னேன்..." என்று ஆரம்பித்தாள்.
"வாயக் கட்டுடி" என்றேன். இருவரும் சிரித்தோம். மூக்குதான் வலித்தது.

நவம்பர் 18
போன வாரச் சிறுநீர்ப் பரிசோதனையும் சரியாக வந்துவிட்டது. வேலைக்குத் திரும்பினேன். மலைப்பாதைக்கு ஓட்டுநர் வேண்டும் என்று பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். யாரும் பெயர் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்தேன்.
"முடியுமாம்மா?" என்றார் மேலாளர்.
"வேற பேனா குடுங்க சார். இது சரியா எழுதல."