கூடாரத்துல மாட்டின நெஞ்சுப் படம்

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதறது. அங்க நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க உங்கம்மா நல்லா இருக்கா, கோவம்தான் கொஞ்சம் கூடியிருக்கு. என்னப் பத்தி கடைசியில வரும், இப்பவே திருப்பிப் பாக்காத, சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அந்தப் புத்தி. போன்ல சொல்லலாம்னா நாலு வார்த்த பேசறதுக்குள்ள இருமல் நடுவுல பூந்துக்குது. எழுத்துப் பிழை இருந்தா சிரிச்சுக்கோ, நான் போனது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும், அதுலயும் பாதி நாள் வாசல்ல முட்டி போட்டுத்தான்.

வீட்டுக்குப் பின்னால துணி காயப்போடற எடத்துல செடிக்கு ஒரு பிளாஸ்டிக் கூடாரம் போட்டுட்டேன். பசுமைக்குடில்னு சொல்லணும்னு பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் திருத்தறான், அவன் வாய்க்கு அது, என் வாய்க்கு கூடாரம். பத்தடி நீளம் ஆறடி அகலம். தரையில கம்பி அடிச்சு, நான் குழாய் வேல பாத்த காலத்துல மிச்சமான குழாயெல்லாம் வில்லு மாதிரி வளைச்சு அதுல சொருகி, மேல ஷீட்ட இழுத்துக் கட்டினேன். உன் ரூம்ல கழட்டிப் போட்ட பழைய ஜன்னல்தான் கதவு. அளவு தப்பிப் போச்சு, குனிஞ்சுதான் நுழையணும். கல்யாணத்தன்னிக்கே எனக்குக் குனியாத உங்கம்மா இப்ப தினம் ரெண்டு வேள குனியறா. உள்ள தக்காளியும் மிளகாயும் நாத்து விட்டோம். மொத வாரமே மத்தியான வெயில்ல உள்ள அடுப்படி மாதிரி கொதிச்சு நாத்தெல்லாம் தலைய தொங்கப் போட்டுடுச்சு. நிழலுக்கு வலை வாங்க மனசு வரல, அலமாரி மேல கெடந்த பழைய எக்ஸ்ரே படத்தையெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி வரிசையா கிளிப் போட்டு மாட்டினேன். உங்கம்மா முட்டி, என் இடுப்பு, ஆறாங்கிளாஸ்ல நீ உடைச்சுக்கிட்ட கை. பரண்ல பொம்மை எடுக்க நீ ஏற, ஸ்டூல ஆட்டி வெளையாட்டு காட்டினேனே, அந்தக் கை. இப்ப உன் எலும்பு நிழல்லதான் மிளகா வளருது.

அந்த எக்ஸ்ரே கட்டுக்குள்ளதான் போன மாசம் எடுத்த என் நெஞ்சுப் படத்தையும் ஒளிச்சு வெச்சிருந்தேன், பத்தோட பதினொண்ணா அதையும் மாட்டித் தொலைச்சேன். மறந்துட்டேன்னு சொன்னா நீயாவது நம்பு. தண்ணி ஊத்தப் போனவ ஓரத்துல இருந்த பேரையும் தேதியையும் படிச்சுட்டா. பூவாளிய கீழ வெச்சுட்டு, "பன்னெண்டாம் தேதி குழாய் வாங்கப் போறேன்னுதானே போனீங்க?" ன்னு கேட்டா. நான் அந்தப் பூவாளிய எடுத்து மிச்ச நாத்துக்குத் தண்ணி ஊத்தினேன். ஊரு வீட்டு ஒழுக்கெல்லாம் அடைச்சவன், எனக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாமப் போச்சு. படத்துல வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையா நிக்குது. அடுத்த தடவ தனியா வராதீங்கன்னு டாக்டர் சொன்னப்பவே புரிஞ்சுது. அன்னிக்கே திரும்பி வந்து கூடாரத்துக்குக் கம்பி அடிக்க ஆரம்பிச்சேன். நான் இல்லன்னா உங்கம்மா எந்திரிக்க மாட்டா, சாப்பிட மாட்டா, செடிக்குத் தண்ணி ஊத்தவாவது எந்திரிப்பாளேன்னு ஒரு கணக்கு. இத அவகிட்ட சொல்லல, நீயும் சொல்லாத.

அவ படத்தக் கழட்டி பையில போட்டு என் கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. சோதிச்சுப் பாக்க நெஞ்சுலேர்ந்து துளி சதை எடுத்திருக்காங்க, வர்ற வியாழக்கெழம ரிசல்ட்டு. டாக்டர் என் ஜோக்குக்கு சிரிக்கல, அதனால எனக்கு நம்பிக்க இல்ல. படம் இருந்த எடம் ஓட்டையா நிக்குது, வெயில் நேரா விழுந்து அடியில பதினாறு நாத்து கருகிருச்சு. வேற படம் மாட்டக்கூடாதுன்னு உங்கம்மா ஒத்தக் கால்ல நிக்கறா. எனக்கு ஸ்டூல் ஏறினா மூச்சு பத்தல.

ராத்திரி முழிச்சு வேல பாக்காத, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைய ரொம்ப மெரட்டாத. ரெண்டு பேரும் நூறு வயசு இருங்க. வரும்போது நிழல் வலை ஒரு துண்டு கொண்டா, பதினாலு இன்ச்சுக்கு பதினேழு, மறந்துடாத. நீ ஏறி மாட்டு. இந்தத் தடவ ஸ்டூல ஆட்டாம புடிச்சுக்கறேன்.

உன் கைய உடைச்ச
அப்பா