கடற்பாசியில் செய்த கிமோவ்

அன்பு மெகரு,

நீ கண்ணை மூடி எட்டு மாசம் ஆகுது. உன்கிட்ட ஒரு சேதி சொல்லணும். அதுக்கு முன்னாடி பழசு ஒண்ணைப் பேசிடறேன். நீ இருந்தப்போ அதைப் பேச எனக்கு வாய் வரல.

உன் பொண்ணு நூர்ஜகானுக்கு அப்போ அஞ்சு வயசு. நெல்லித்தோப்புல உன் வீடும் என் வீடும் ஒரே சுவர். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த என் கொழுந்தனார் லீவுக்கு வந்தப்போ, கண்ணாடி மாதிரி மெல்லிசா சில தாள் கொண்டாந்தார். ஊறவச்சுச் சக்கரைப் பாகுல கரைச்சு அடிச்சா, பஞ்சு மாதிரி மிட்டாய் வரும், கிமோவ்னு பேருன்னார். நான் பன்னீர் ஊத்திச் செஞ்சேன். தட்டு நிறைய உன் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். நூரு ஆறு துண்டு தின்னா. நீயும் தின்னே.

மறுநாள் கொழுந்தனார் காப்பி குடிச்சிக்கிட்டே சொன்னார்: "அண்ணி, அந்த ஜெலட்டின் தாள் பன்னித் தோல்ல செய்யறதாச்சே. அவங்க சாப்பிடலாமா?"

உடனே உன்கிட்ட வரக் கிளம்பினேன். "தெரியாமதானே குடுத்தே, சொல்லாம விட்டுடு"ன்னார் வீட்டுக்காரர். ரெண்டு நாள் விட்டுத்தான் பார்த்தேன். நூரு சுவரோரம் நின்னு "பெரியம்மா, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டா. அன்னிக்கே வந்து உன்கிட்ட சொல்லிட்டேன்.

நீ கத்தல. கத்தியிருந்தா தேவலாம். "ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதாக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டே. மூணு வாரம் தெருக்குழாய்ல என் முகத்தைப் பார்க்கல. நூருவையும் அனுப்பல. உன் வீட்டு அம்மிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்.

நோன்பு மாசம் பொறந்துச்சு. ஒரு மத்தியானம், நோன்புக்கு இனிப்பு உறைய வைக்கிற கடற்பாசிக் கட்டோட நீ என் அடுப்படியில வந்து நின்னே.

"தெரியாம தின்னதுக்குக் குத்தமில்லைன்னு பள்ளிவாசல் ஹஜரத் சொல்லிட்டார். ஆனா நீங்க மறைச்சிருந்தா, நான் இந்த வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன். நூரு அழுவுறா. இதுல அந்த மிட்டாய் வருமான்னு பாருங்க."

முதல் தடவை அல்வாத் துண்டு மாதிரி கெட்டியாப் போச்சு. ரெண்டாவது நீர் விட்டுக்கிச்சு. நீ நோன்பு, நான்தான் ருசி பார்க்கணும். "எப்படி இருக்கு, சொல்லுங்கக்கா"ன்னு என் வாயையே பார்த்துக்கிட்டு நிப்பே. நாலாம் நாள் முட்டை வெள்ளைக் கருவை முள்கரண்டியால தோள் வலிக்க அடிச்சே. கிண்ணத்தை என் தலைக்கு மேல கவுத்துக் காட்டினே, ஒரு சொட்டு விழல. கடற்பாசி கரைஞ்ச பாகை நான் சூடா நூல் மாதிரி ஊத்தினேன், நீ அடிக்கறதை நிறுத்தல. எழும்புச்சு மெகரு! கிண்ணம் நிறைய, வெள்ளையா. பாதிக்கு ஏலக்காய் போட்டோம், பாதிக்கு பன்னீர்.

சாயந்தரம் பாங்கு சொன்னதும் பேரிச்சம்பழத்துக்கு அடுத்து அதைத்தான் வாயில போட்டே. "உங்க தாள்ல செஞ்சதைவிட இதுதான் மெத்துனு இருக்கு"ன்னே. பொய்தானே? கொஞ்சம் பிசுபிசுத்துச்சு.

அதுக்கப்புறம் இருபது வருஷமா எத்தனையோ பெருநாள், எத்தனையோ கிறிஸ்துமஸ், சேர்ந்தே செஞ்சோம். ஆனா என்னை நெசமாவே மன்னிச்சியான்னு ஒரு தடவைகூட நான் கேட்கல. கேட்டு, நீ யோசிச்சுப் பதில் சொல்லிட்டா?

இப்போ சேதி. நூரு உண்டாகியிருக்கா, ஏழு மாசம்! நேத்து அரியாங்குப்பத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து, கிமோவ் வேணும்னு உட்கார்ந்துட்டா. நன்னாரி ஊத்திச் செஞ்சோம். பாகு கொதிக்கறப்போ அந்தத் தாள் கதையை அவகிட்ட சொன்னேன். அவ அடிச்சிட்டிருந்த கரண்டியை நிறுத்திட்டா.

"இது எனக்குத் தெரியவே தெரியாதே பெரியம்மா. நான் அழுதேன்னு நீங்க கடற்பாசியில செய்யக் கத்துக்கிட்டீங்கன்னுதான் அம்மா சொல்லுவாங்க."

அவ்வளவுதானா நீ அவகிட்ட சொன்னது? முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கிட்டேன். புகைன்னு சொன்னேன். ஸ்டவ்வுல ஏது புகை?

பிரசவத்துக்கு அவளை இங்கேயே கூட்டியாந்துடறேன். ஆஸ்பத்திரியில பக்கத்துலயே இருப்பேன். பிள்ளை பொறந்ததும் முதல்ல உன் ஜமாத்துப் பெரியவரைக் கூப்பிட்டுக் காதுல பாங்கு சொல்ல வைப்பேன். அப்புறம்தான் நான் கையில வாங்குவேன். இது சத்தியம்.

உன் சுவருக்கு இந்தப் பக்கத்து அக்கா,
லூர்து