என் மகளின் மூக்கில் என்ன வைக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டி

அனுப்புநர்:
பொ. ராஜமாணிக்கம் (வயது 71),
வடக்குத் தெரு,
காட்டுமன்னார்கோயில்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: கடலூரில் உள்ள அழகு சிகிச்சை நிலையம் ஒன்றில் என் மகள் இளவரசிக்குச் செய்யப்பட்ட மூக்கு அறுவையின் குறிப்புகளை 12.11.2025க்கு முன் பெற்றுத் தரவும், அங்கு அறுவை சிகிச்சைகளை நிறுத்தி வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 28.07.2025.
2. விசாரணைக்கு வருமாறு எனக்கு வந்த கடிதம், நாள் 22.09.2025.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அரிசி ஆலையில் முப்பத்தாறு ஆண்டுகள் கொதிகலன் பார்த்தேன். சட்டமும் விதியும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவை. எங்கள் தெருவில் பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ, எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது தேவைப்படுகிறது.

2. இளவரசிக்கு வயது 31. சிதம்பரத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. ஆறு வயதில், என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து வந்தபோது ஏரிக்கரையில் விழுந்து அவள் மூக்கெலும்பு விலகியது. ஓட்டியவன் நான். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கோண மூக்கு மிஸ்'. முதல் முறை வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த முறை சொன்னபோது சிரிக்கவில்லை.

3. சென்ற மார்ச்சில் சிதம்பரத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி படித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். மூக்கின் உள்தண்டும் வளைந்திருக்கிறது, இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும், ஆறு மாதம் காத்திருங்கள் என்றார். நூற்றுக்கு நூறு நேராகிவிடுமா என்று கேட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வாக்குக் கொடுக்காதவருக்குத் தொழில் தெரியாது என்று நான் முடிவு கட்டினேன். இளவரசி அவரிடமே செய்துகொள்கிறேன் என்றுதான் சொன்னாள். நான் ஒப்பவில்லை.

4. கடலூர் நிலையத்தில் கணினித் திரையில் அவள் படத்தை ஏற்றி, நேரான மூக்கு வைத்துக் காட்டினார்கள். ஒரே நாளில் முடியும் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்; ஆனால் ஏமாளியாகப் போடவில்லை. மருத்துவரின் பதிவு எண் எது என்று கேட்டேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் காட்டினார்கள். எண்ணை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். முத்திரை பார்த்தேன், கையெழுத்துப் பார்த்தேன், பெயரைச் சரிபார்த்தேன். எந்தக் கவுன்சிலில் பதிந்த எண் என்று கேட்கவில்லை.

5. 19.05.2025 காலை அறுவை அறைக்குள் போகுமுன் இளவரசி என்னைக் கேட்டாள்: "எல்லாம் படிச்சுப் பாத்துட்டீங்கள்லப்பா?" பார்த்துவிட்டேன் என்றேன்.

6. ஒன்பதாம் நாள் சீழ் வைத்தது. ஒரு மாதத்தில் மூக்கு நுனி உள்ளே அமிழ்ந்துவிட்டது. இடது துவாரம் அடைத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுவதால் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஜூன் முதல் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளும் முகக்கவசம் அணிகிறாள். சாப்பிடும்போது என் மனைவி சௌந்தரத்தைக்கூட எதிரில் உட்கார விடுவதில்லை.

7. பிறகுதான் அந்த எண்ணை விசாரித்தேன். எண் உண்மையானது. பல் மருத்துவர்களின் பதிவேட்டில் உள்ள எண். அவர் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மூக்குக்கு அவர் பெற்றது மூன்று நாள் பயிற்சி. அந்தச் சான்றிதழும் அதே சுவரில் மாட்டியிருந்தது. அதையும் நான் படித்தேன்.

8. இப்போது சிதம்பரம் மருத்துவரிடமே திரும்பிப் போயிருக்கிறோம். எங்களை ஒரு சொல் குறை சொல்லாமல் 12.11.2025 அன்று அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார். ஆனால் மூக்கினுள் வைத்த பொருள் என்ன, எடுத்த குருத்தெலும்பு எவ்வளவு என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்கிறார். கடலூர் நிலையம் எங்களுக்குக் கொடுத்த ஒரே தாளில் 'மூக்கு அழகுபடுத்தல், நன்று' என்று மட்டும் உள்ளது.

9. குறிப்பைக் கேட்டு ஐந்து முறை போனேன். முதல் மூன்று முறையும் வரவேற்பில் இருந்த பெண், "டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்காரு, ஃபைலு அவருகிட்டதான் இருக்கு" என்றார். நான்காம் முறை, "நீங்கதானே பெருசு கையெழுத்துப் போட்டீங்க, இப்ப எதுக்கு சும்மா சும்மா வந்து நிக்கிறீங்க" என்றார். ஐந்தாம் முறை மருத்துவரே வந்தார். "மூக்கு முன்னாடியே கோணல்தானே அய்யா, இப்ப என்ன ஜாஸ்தியா கெட்டுப்போச்சு" என்று கேட்டார். நோயாளி கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

10. அன்று அங்கே பண்ருட்டியிலிருந்து வந்த ஒருவர், கல்லூரிப் பெண்ணான தன் மகளுடன் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்து அதே எண்ணைப் பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தார். அது பல் வைத்தியரின் எண் என்று அவரிடம் சொன்னேன். "நம்பரு கவுருமெண்டு குடுத்ததுதானே அய்யா" என்றார். நான் மேலே பேசுமுன் காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள்.

11. பார்வை 2இல் கண்ட கடிதத்துடன் நிலையத்தின் விளக்கம் ஒன்றும் எனக்கு அனுப்பப்பட்டது. இளவரசி அழகுக்கு ஆசைப்பட்டுத் தானே வந்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அவள் தேர்ந்தெடுத்த மருத்துவர் சரியானவர். கடலூர் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தவர் தகப்பன் ராஜமாணிக்கம் என்று விசாரணை அறிக்கையில் எழுத வேண்டும். அப்படி எழுதாத அறிக்கையில் நான் கையெழுத்திட மாட்டேன்.

12. எனவே, அறுவைக் குறிப்பை 12.11.2025க்கு முன் கைப்பற்றி சிதம்பரம் மருத்துவரிடம் சேர்க்கவும், தகுதி விசாரித்து முடியும்வரை அந்நிலையத்தில் எவர் முகத்திலும் கத்தி வைக்காமல் தடுக்கவும் ஆணையிடுமாறு கேட்கிறேன். நஷ்டஈடு கேட்கவில்லை. சமாதானத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

13. பாதிக்கப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்று கடிதத்தில் உள்ளது. மூன்று வாரமாக மறுத்தவள் நேற்று சம்மதித்தாள். முகக்கவசத்தை ஒரு முறைதான் கழற்றுவாள். அலுவலகத் தாழ்வாரத்தில் வைத்துக் கேட்காமல், கதவு சாத்திய அறையில் பெண் மருத்துவர் ஒருவர் மட்டும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நான் வெளியே நிற்பேன். நானும் உள்ளே வரக் கூடாது என்பது அவள் நிபந்தனை.

இடம்: காட்டுமன்னார்கோயில்
நாள்: 13.10.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பொ. ராஜமாணிக்கம்

இணைப்பு:
1. நிலையம் கொடுத்த தாள், நகல்.
2. நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், நகல்.
3. பதிவு எண்ணைக் குறித்த என் நோட்டின் பக்கம், அசல்.
4. சிதம்பரம் மருத்துவரின் கடிதம்.
5. அறுவைக்கு முந்தைய புகைப்படம் ஒன்று. பிந்தைய புகைப்படமும் கேட்கப்பட்டுள்ளது. அது எங்களிடம் இல்லை. எடுக்க அவள் விடவில்லை.