இருபதாவது பல்

அன்புள்ள என் டாக்டரம்மாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பற்களைப் பற்றித்தான் மூன்று பக்கம் எழுதுவாய். அதனால் நேராகவே கேட்கிறேன்: இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துவிட்டு லேபுக்கு ஓடிவிடுகிறாயா?

போன முறை நான் செய்த காரியத்துக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பெண்டாட்டியின் ஆராய்ச்சிக்குப் பல் அனுப்பச் சொன்னால், ஒரு பல் டாக்டர் அதைக் கழுவித் துடைத்து, ஜன்னலோர வெயிலில் உலர்த்தி, பஞ்சில் பொதிந்தா அனுப்புவான்? பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். காய்ந்த பல்லில் அமிலம் தடவினாலும் பல் அடைக்கிற சிமென்ட் சரியாகப் பிடிக்காது, அத்தனையும் வீண் என்று நீ எழுதியதும் தலையில் அடித்துக்கொண்டேன். என்னால் உனக்கு நாலு மாதம் போச்சு. இந்த மாதக் கடைசிக்குள் புதிதாக இருபது பல் வராவிட்டால், இன்னும் ஒரு வருஷம் அங்கே இருக்கக் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

சொத்தையில்லாத பல்லுக்கு எங்கே போவேன்? நம்மோடு படித்த எதிர்த்தெரு டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கம்பி கட்டுவதற்காக எடுத்த பற்களைச் சேர்த்துவைத்துக் கொடுத்தான். நம்மிடம் வரும் பஸ் டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, எடுத்த கடைவாய்ப் பல்லைக் கேட்டேன். "எடுத்துக்கங்க டாக்டர், என் பல்லாவது பிளேன் ஏறட்டும்" என்றார். என்ன முட்டி மோதியும் பத்தொன்பதில் நின்றுவிட்டது.

இருபதாவது என்னுடையது. சாய்ந்து முளைத்திருக்கிறது, எடுத்துத் தொலை என்று ஆறு வருஷமாக நீ நச்சரித்தாயே, அந்த ஞானப்பல். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவன், நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியை விடவில்லை. "ஊசி இன்னும் போடவே இல்லைடா" என்று எதிர்த்தெருக்காரன் சிரித்தான். நீ எனக்கு வைத்த பெயர் சரிதான். கன்னம் வீங்கிவிட்டது. பேசினால் வலிக்கிறது, வீட்டில் பேச ஆள் இல்லாததால் பெரிதாகத் தெரியவில்லை.

இந்த முறை ஒன்றைக்கூடத் துடைக்கவில்லை. எடுத்த கையோடு உப்புத் தண்ணீரில் போட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டேன். என் பல் மட்டும் நீல மூடி போட்ட தனிக் குப்பியில் இருக்கிறது.

கையெழுத்து விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன் படிப்பு. ஆனால் நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சில பற்களில் அமிலம் தடவி, சிலவற்றை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, சிலவற்றை அப்படியே விட்டு, சிமென்ட் ஒட்டி மெஷினில் மாட்டி இழுப்பாய். பத்தொன்பதும் எவ்வளவு தாங்கின என்று கடிதத்தில் எழுது. என் பல் எவ்வளவு தாங்கியது என்பதை மட்டும் நேரில் வந்து சொல்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி