மேடை வந்தது, பாட்டுக்காரர்கள் வரவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? ஓடும் வண்டியில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நாங்கள் ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் கச்சேரிக்கு மேடை கட்டி முடித்த பிறகு, அவர்களுடைய பக்கத்து நாட்டுக் கச்சேரி ரத்தாகிவிட்டது. "ரெண்டு நாடு சேர்ந்தாதான் விமான வாடகை கட்டுப்படியாகும். இந்த ஒரு ஊருக்காக அவங்க வரமாட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கம்பி நீட்டிவிட்டார்.

மைதானம் நிறைய ஜனம். விஷயம் தெரிந்ததும் நாற்காலிகள் பறந்தன. நாங்கள் பூட்டிய இரும்புக் குழாய்களையே பிடுங்கி எங்களை விளாசினார்கள். விளக்குக்காரர் மண்டை உடைந்து என் காலடியில் விழுந்தார். எங்கள் சட்டையில் அந்தக் குழுவின் பெயர் இருந்ததே, அதுதான் வினை. "இவனும் அந்தக் கும்பல்தான், போடுடா!" என்றான் ஒருவன். அந்தக் குழுவின் பாட்டு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஸ்பீக்கர் பெட்டிக்குள் புகுந்து தப்பித்தேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

எழுத்தே இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. வலது கையை மட்டும் இரண்டு மடங்கு அகலமாகத் தைக்கச் சொல். இங்கே இப்போது அதுதான் ஃபேஷன்.

நர்ஸம்மா ஊசியோடு வருகிறார், முடிக்கிறேன்.

உன் மகன்