சலவைக்கூடத்தில் தொடங்கிய சங்கம்

3 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டு நலம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. போன மாதம் மட்டும் பதினொரு ஊர். ரயிலில் தூங்கி, பிளாட்பாரத்தில் பல் தேய்த்து, மேடைக்கு மேடை ஒரே பேச்சு. எந்த ஊரில் எதைச் சொன்னேன் என்பதே மறந்துபோகிறது.

நேற்று நூற்று நாற்பதாவது கிளையைத் திறந்தோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் சமையல்கூடக்காரர்களும் முழுசாக வந்துவிட்டார்கள். நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், அழுக்குத் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்து நாம் ஆரம்பித்த சங்கம் இது என்றால் யார் நம்புவார்கள்? அடுத்த மாதம் அரசாங்கத்தோடு நாடு முழுவதற்குமான சம்பளப் பேச்சுவார்த்தை. பொதுச் செயலாளர் என்று என்னைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள்.

என் மகள் போனில் "சொல்லுங்கம்மா" என்கிறாள். எப்போதிலிருந்து இந்த மரியாதை? அத்தை நீதான் அவளிடம் பேசேன்.

உன் அண்ணி

19 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

மகள் நன்றாக இருக்கிறாள். உங்கள்மேல் கோபம் இல்லை, பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சேதி. நீராவி இஸ்திரி மெஷினின் தடுப்புக் கம்பி உடைந்து மூன்று வாரமாகிறது. கிளைச் செயலாளர் என்ற முறையில் நானே நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை நம் இஸ்திரி அக்காவின் வலது கை உள்ளே போய்விட்டது. "பராக்குப் பார்த்தா இப்படித்தான்" என்று காண்ட்ராக்டர் கைகழுவிவிட்டான். எந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்பது வருஷமாக விரிப்பு தேய்த்தாளோ, அங்கேயே அவளுக்குக் கட்டில் இல்லை என்றார்கள். காண்ட்ராக்ட் ஆளாம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க அண்ணி பேச்சுவார்த்தைக்குப் போறாங்களாமே, அதுல எங்க பேரும் இருக்கும்ல?" என்றாள். "இல்லாம எப்படிக்கா?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வாலு

28 மார்ச்

அன்புள்ள வாலு,

பேப்பரில் பார்த்திருப்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நானும் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று நாள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிய பக்கம் வந்ததும் அதிகாரிகள் ஃபைலை மூடிவிடுவார்கள், நான் திறப்பேன். மூன்றாம் நாள் எழுந்தே போய்விட்டார்கள். அறுபதாயிரம் நிரந்தரத் தொழிலாளர்களின் ஓய்வூதியம் மேஜைமேல் அப்படியே கிடந்தது. நம் சங்கத் தலைவர் என் காதருகே குனிந்து, "கெடச்சத வாங்கிட்டு வெளிய வாம்மா. மிச்சத்த அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சம்மதித்து அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மாலை போட்டார்கள். எனக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

இஸ்திரி அக்காவிடம் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை.

அண்ணி

6 ஏப்ரல்

அண்ணிக்கு,

உங்கள் சுற்றறிக்கையைச் சலவைக்கூட வாசலில் நின்று நான்தான் படித்தேன். நிரந்தரக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இஸ்திரி அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தாள். "அடுத்த தடவைன்னா எப்போ?" என்று கேட்டாள். சண்டைக்கெல்லாம் இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல. காகிதத்தை மடித்தேன்.

காண்ட்ராக்ட் பெண்கள் தனிச் சங்கம் வைக்கிறார்கள். நான் நிரந்தரக்காரி என்றாலும் என்னையே செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். சரி என்றுவிட்டேன். ராஜினாமாவும் கிளையின் ரப்பர் முத்திரையும் தனித் தபாலில் வருகின்றன.

கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. உங்கள்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. அண்ணன் நம் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறார்.

வாலு

2 ஜூன்

வாலு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத முகமில்லை.

ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் புதுச் சங்கத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று நம் செயற்குழு ஆட்சேப மனு போட்டிருக்கிறது. தொழிலாளர்களைப் பிளக்கிறீர்களாம். மனுவை என் முன்னால் வைத்தார்கள். நான் பேனாவை எடுக்கவில்லை. தலைவரே இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மனு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்ததில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. இருந்தாலும் உன்னிடம் சொல்லத் தோன்றியது.

அண்ணி

11 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

இருபத்து நான்காம் தேதி தொழிற்சங்கப் பதிவாளர் முன்னால் விசாரணை. இவர்கள் எல்லாரும் போன வருஷம் வந்தவர்கள், சங்கம் வைக்கும் தகுதியே இல்லை என்கிறான் காண்ட்ராக்டர். வருகைப் பதிவேட்டைக் காணோமாம். நாங்கள் சொன்னால் எடுபடாது. சங்கம் ஆரம்பித்த நாளில் யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் சொன்னால் எடுபடும்.

சொன்னால் உங்கள் பதவி போய்விடும், தெரியும். நான் கேட்கவில்லை, பெண்கள்தான் கேட்கச் சொன்னார்கள்.

இல்லை. நானும்தான் கேட்கிறேன்.

வாலு

29 ஜூன்

வாலு,

விசாரணை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் ரயிலேறிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டேன். நேரில் நின்று பேச்சு வாங்க வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருந்தது.

வாங்கியாயிற்று. நேற்றோடு செயற்குழு எல்லாப் பொறுப்பிலிருந்தும் என்னை நீக்கிவிட்டது. யாரும் கத்தவில்லை. டைப் அடிக்கும் பெண் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தாள். சங்கம் கொடுத்த அறையைக் காலி செய்ய ஒரு வாரம் தந்திருக்கிறார்கள். பிறகு என்ன செய்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

அண்ணி

5 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

பதிவு கிடைத்துவிட்டது. உத்தரவில் உங்கள் சாட்சியம் அரைப் பக்கம் இருக்கிறது. "ஆரம்பிச்ச பன்னண்டு பேர்ல ஏழு பேரு காண்ட்ராக்ட். அவங்கள விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டவ நான்தான்" என்று நீங்கள் சொன்னபோது பதிவாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார். நானும் பார்த்தேன். எவ்வளவு இளைத்துவிட்டீர்கள்.

தெம்பில்லை என்றால் யோசிக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள். சூப்பர்வைசரிடம் விசாரித்தேன். நிரந்தர வேலைக்கு இப்போது ஆள் எடுப்பதில்லையாம். துணி பிரிக்கும் மேஜையில் ஓர் இடம் காலி, காண்ட்ராக்டில். "அவங்க வருவாங்களா?" என்று இஸ்திரி அக்கா சந்தேகப்படுகிறாள். வந்தால் முதல் வாரமே உறுப்பினர் படிவம் நீட்டுவேன், அண்ணி என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்பேன். ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள், தரை இன்னும் வழுக்கத்தான் செய்கிறது.

வாலு