அக்காவின் கன்னத்துப் புண்ணும் பிடித்துச் செல்லப்பட்ட நாயும்

அனுப்புநர்:
இருசக்கர வாகன மெக்கானிக்,
பழைய சந்தைப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தோல் புண் நோயைப் பரப்பியதாகப் பிடித்துச் செல்லப்பட்ட எங்கள் நாயைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் ஊழியர்கள் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் எங்கள் நாயைப் பிடித்துச் சென்றுவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை அதை ஊசி போட்டுக் கொல்லப் போகிறார்கள்.

2. என் அக்காவின் கன்னத்தில் முதலில் பரு போல ஒன்று வந்தது. வலி இல்லை. பிறகு ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்து, ஆறாத புண்ணாகிவிட்டது. மணல் ஈ கடித்து வரும் ஒட்டுண்ணி நோய் என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். புண்ணைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

3. அதற்குள் தங்கள் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, வேறு யாருக்காவது புண் உண்டா என்று விசாரித்தார். அக்காவுக்குப் பொய் வராது. “நாய்க்குக் காதுல இருக்கு சார்” என்றாள். வண்டி வந்தது. நாய் யாருக்கும் பிடி கொடுக்காததால் அக்காவையே பிடித்துத் தரச் சொன்னார்கள். அவள்தான் தூக்கி ஏற்றினாள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. (நாயின் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் அப்பா வைத்தது. தங்கள் அலுவலகத்தை மனதில் வைத்து வைத்ததல்ல.)

4. எங்கள் குழப்பம் இதுதான். நாயைக் கடித்த ஈ மனிதரைக் கடித்தால் நோய் வரும் என்கிறார் ஆய்வாளர். கால்நடை மருத்துவரோ, “எலி உடம்புலதாம்மா கிருமி தங்குது. நாய் பாவம், உங்க பொண்ணு மாதிரி அதுவும் கடி வாங்கின ஆளு” என்று அம்மாவிடம் சொன்னார். தோல் மருத்துவரிடம் போனால், இதில் இரண்டு வகை உண்டாம். ஒரு வகைக்கு எலி இருப்பிடம், இன்னொரு வகைக்கு மனிதரே இருப்பிடமாம். எது என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டுமாம். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்; நாய் மட்டும் கூண்டில் இருக்கிறது.

5. தாங்கள் கொடுத்த கொசுவலைக்குள் அக்காவைத் தனியாகப் படுக்க வைத்திருக்கிறோம். மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, அந்த வலைக் கண்ணில் தாராளமாக நுழையும் என்று பிறகு தெரிந்தது. “இந்த வலை அவளுக்குக் காவலா, அவகிட்டருந்து நமக்குக் காவலா?” என்று அப்பா கேட்டார். அக்கா காதில் விழும்படிதான் கேட்டார். அம்மா அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

6. பழைய சந்தைச் சுவரை இடித்த நகராட்சி, அந்தச் செங்கல்லையும் மண்ணையும் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போனது. அந்த மேடு முழுக்க எலி வளை. பொழுது சாய்ந்தால் அதன் இடுக்குகளிலிருந்து சத்தமே இல்லாமல் மணல் ஈ கிளம்புகிறது. இதற்குத் தங்கள் அலுவலகம் எடுத்த நடவடிக்கை, சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்கும்படி எங்கள் வீட்டுப் பின்சுவரில் நோட்டீஸ் ஒட்டியது. அதையும் அந்த மேட்டின் மேல் ஏறி நின்றுதான் ஒட்டினார்கள்.

7. ஆகவே, ஆய்வக முடிவு வரும்வரை நாயைக் கொல்லக் கூடாது. அதன் காதுப் புண்ணையும் பரிசோதிக்க வேண்டும். அந்த மேட்டை அள்ள வேண்டும்.

8. இவற்றில் எதுவும் முடியாது என்றால் ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். கடிபட்டுப் புண் வந்ததுதான் நாய் செய்த குற்றம் என்றால், என் அக்காவும் அதையேதான் செய்திருக்கிறாள். அடுத்த முறை வண்டி வரும்போது நாங்கள் யாரைத் தூக்கி ஏற்ற வேண்டும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

இடம்: பழைய சந்தைப் பின்தெரு
நாள்: புதன்கிழமை

(கையொப்பம்)
கடைசி வீட்டு மெக்கானிக்